கோபர் கேஸில் மீத்தேன் எவ்வளவு? நுண்துளைச் சிலிக்கானும் நம்ம ஊர் ஈரக்காற்றும்

திற்பரப்புத்தோட்டம் | ஞாயிறு, இரவு 8:50

எல்லோருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்தில் திற்பரப்புக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது, இரண்டு மாடு, ஒரு கோபர் கேஸ் (சாண எரிவாயு) தொட்டி. ரப்பர் சீட் அடித்தபிறகு வரும் கழிவுத் தண்ணீரையும் சாணத்தோடு சேர்த்துத் தொட்டியில்தான் விடுகிறேன். பெரும்பாலான நாள் அடுப்பு நீலமாக எரியும். சில நாள் தீ பர்னரை விட்டு மேலே எழும்பி அணைந்துவிடும். ரப்பர் பால் உறைய விடும் ஆசிட் கொஞ்சம் கூடிப்போன நாட்களில்தான் இப்படி ஆகிறது என்பது என் அனுபவம். தொட்டியில் மீத்தேன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். சரி, எவ்வளவு கூடுகிறது என்று தெரிந்தால் அன்றைக்கு ஆசிட் தண்ணீரை நிறுத்தி வைக்கலாம் அல்லவா?

அதற்காகப் போன வருடம் இணையத்தில் ஒரு மீத்தேன் மீட்டர் வாங்கினேன். மழை பிடித்ததும் வாயுவே இல்லாத இடத்தில் எண் ஏறுகிறது. வீட்டில் மீன் பொரித்தாலும் ஏறுகிறது. விற்றவர்களைக் கேட்டால் 'ஈரம் படாமல் வையுங்கள்' என்கிறார்கள். ஆனி மாதம் இங்கே ஈரம் படாத இடம் எது?

மகள் நாகர்கோவிலில் இயற்பியல் முதுகலை படிக்கிறாள். சிலிக்கானில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் போட்டு, அதற்குள் வாயு புகுந்ததும் அகச்சிவப்பு ஒளி விட்டு அளக்கலாம் என்று வகுப்பில் கேட்டு வந்திருக்கிறாள். இது நமக்கு ஆகிற காரியமா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

ஆரல்காற்று | ஞாயிறு, இரவு 9:35

அண்ணே, உங்கள் மீட்டரில் இருப்பது டின் ஆக்சைடு சென்சாராகத்தான் இருக்கும். உள்ளே ஒரு சின்ன ஹீட்டர், அதன்மேல் டின் ஆக்சைடு பூச்சு. எரியக்கூடிய ஆவி எது பட்டாலும் அதன் மின்தடை மாறும். மீத்தேனா, சாராய ஆவியா, பொரித்த எண்ணெய்ப் புகையா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஈரமும் அதே பூச்சில்தான் போய் ஒட்டும். விலை குறைவு, கசிவு எச்சரிக்கைக்கு உதவும். நூற்றுக்கு எத்தனை என்று அளக்க அது சரிப்படாது.

அகச்சிவப்பு முறை வேறு. ஒவ்வொரு வாயு மூலக்கூறும் தனக்கென்று சில அலைநீளங்களை மட்டும் விழுங்கும். கார்பன் டை ஆக்சைடுக்கு 4.26 மைக்ரான், மீத்தேனுக்கு 3.3 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நைட்ரஜனும் ஆக்சிஜனும் இரண்டு ஒரே அணு சேர்ந்தவை, அதனால் அகச்சிவப்பில் அவை குறுக்கே வருவதில்லை. ஒரு முனையில் விளக்கு, நடுவில் வாயு நிற்கும் குழாய், மறுமுனையில் அந்த அலைநீளத்தை மட்டும் விடும் வடிகட்டியும் டிடெக்டரும். எவ்வளவு ஒளி குறைகிறதோ அதை வைத்து வாயுவின் அளவு. இப்படிச் செய்த கார்பன் டை ஆக்சைடு சென்சார்கள் கடையிலேயே கிடைக்கின்றன. நுண்துளைச் சிலிக்கான் வரைக்கும் போக வேண்டுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

நுண்துளை | திங்கள், காலை 6:20

அண்ணன் கேட்டதும் தூக்கம் போய்விட்டது. நான் முனைவர் பட்டத்துக்கு நாலு வருடம் இந்தச் சிலிக்கானோடுதான் மல்லுக்கட்டினேன், இப்போது பாடம் நடத்துகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1956இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் உலிர், இங்கெபோர்க் உலிர் இருவரும் சிலிக்கானை மின்வேதி முறையில் வழவழப்பாக மெருகேற்றப் பார்த்தார்கள். மெருகு வரவில்லை, நிறம் நிறமாக ஒரு படலம்தான் வந்தது. அந்தப் படலம் முழுக்கத் துளை. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1990இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் லீ கேன்ஹம் அதே படலம் புற ஊதா ஒளியில் சிவப்பாக ஒளிர்வதைக் காட்டியபிறகுதான் உலகமே திரும்பிப் பார்த்தது.

செய்முறை இதுதான். சிலிக்கான் வேஃபரை (மெல்லிய வட்டத் தகட்டை) ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் எத்தனாலும் கலந்த கரைசலில் வைத்து மின்னோட்டம் விடுவோம். மின்னோட்டத்தைக் கூட்டினால் துளையின் பங்கு கூடும், குறைத்தால் குறையும். நேரம் போகப் போகத் துளை ஆழமாக இறங்கும். ஏற்கெனவே வெட்டிய மேல் அடுக்கு பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆக மின்னோட்டத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே போனால் அடர்த்தியும் பஞ்சுத்தன்மையும் மாறி மாறி வரும் அடுக்குகள் ஒரே சிலிக்கானுக்குள் உருவாகிவிடும். பூச்சு எதுவும் பூச வேண்டாம்.

இதில் ஒளிக்கு என்ன வேலை? அகச்சிவப்பில் திடச் சிலிக்கானின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 3.4. துளை பாதி இருந்தால் அது 2.1 அளவுக்கு இறங்கும், முக்கால் பங்கு துளை என்றால் 1.4 சொச்சம். ஒளியின் அலைநீளம் 4 மைக்ரான், துளையோ சில பத்து நானோமீட்டர் (நானோமீட்டர் என்றால் மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதனால் ஒளிக்குத் துளை தனியாகத் தெரியாது, சராசரிப் பொருளாகத்தான் தெரியும். இப்படி இரண்டு எண்களை மாற்றி மாற்றி அடுக்கினால் கண்ணாடி போல ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தைத் திருப்பி அனுப்பும். 4.26 மைக்ரானுக்கு வேண்டுமானால் ஒரு அடுக்கு 0.5 மைக்ரான், அடுத்தது 0.75 மைக்ரான். பத்து ஜோடி போட்டாலும் மொத்தம் 12 அல்லது 13 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் தடிமன் கூட வராது.

மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் செய்த ஒரு சில்லு. விரல் நகம் அளவு, பச்சையாக மின்னும். அதன்மேல் வாயால் மெல்ல ஒரு மூச்சு விடச் சொல்வேன். பச்சை நழுவி மஞ்சளாகி ஆரஞ்சைத் தொடும். இரண்டு மூன்று நொடியில் விளிம்பிலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டே மறுபடி பச்சை வரும். மூச்சின் ஈரம் துளைக்குள் போய், நிறைத்து, வெளியேறுவதை வெறும் கண்ணால் பார்க்கிறோம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

அண்ணனின் கேள்விக்கும் பதில் அந்த மூச்சில்தான் இருக்கிறது. வாயுவைத் துளை என்ன செய்யும் என்று கேட்கும் முன்னால் தண்ணீரை அது என்ன செய்யும் என்று நம்ம மாவட்டத்தில் கேட்டாக வேண்டும். பள்ளிக்குக் கிளம்புகிறேன், மீதியை இரவு எழுதுகிறேன்.

தோவாளைமாணவன் | திங்கள், மதியம் 1:05

டீச்சர், இதைப் படித்ததும் செய்து பார்க்கணும் போல இருக்கிறது. வேஃபர் துண்டு இணையத்தில் கிடைக்கிறது. ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் துரு நீக்கும் திரவம் என்று விற்கிறார்கள். 9 வோல்ட் பேட்டரி போதுமா?

நுண்துளை | திங்கள், மதியம் 1:20

தம்பி, வேண்டாம். இடைவேளையில் ஓடிவந்து எழுதுகிறேன். அந்த அமிலம் கண்ணாடியையே தின்னும். நீர்த்த கரைசல் தோலில் பட்டால் உடனே எரியக்கூட எரியாது. மணிக்கணக்கு கழித்து வலி வரும்போது அது உள்ளே போய் உடம்பின் கால்சியத்தைப் பிடித்திருக்கும். அதிகம் போனால் இதயத் துடிப்பே குலைந்து ஆள் போய்விடும். பக்கத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு, முறையான ஃப்யூம் ஹூட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு), அதற்கான கையுறை, கூட இன்னொரு ஆள் இல்லாமல் நாங்கள் பாட்டிலைத் திறந்ததே கிடையாது. வீட்டில் ஒருபோதும் தொடாதே. உன் துறையில் அனுமதி உள்ள ஆய்வகம் இருந்தால் அங்கே போய்ப் பக்கத்தில் நின்று பார்.

மட்டுறுத்துநர் | திங்கள், மதியம் 2:10

மேலே டீச்சர் சொன்னது இந்த இழையில் எல்லோருக்கும் பொருந்தும். அந்த அமிலத்தை வீட்டில் கையாள வழிகேட்கும் பதிவுகள் நீக்கப்படும்.

ஆரல்காற்று | திங்கள், மாலை 5:45

டீச்சர் எழுதியது நன்றாகப் புரிந்தது. ஆனால் எனக்கு ஒரு இடத்தில் இடிக்கிறது. ஒளி எவ்வளவு தூரம் வாயுவுக்குள் போகிறதோ அவ்வளவுக்குத்தான் உறிஞ்சல் தெரியும். நான் போர்டு செய்துகொடுத்த சென்சார்களில் குழாய் 5 சென்டிமீட்டராவது இருக்கும். நீங்கள் சொல்லும் படலம் 100 மைக்ரான் என்றே வைத்துக்கொள்வோம், அதில் வாயு நிற்கும் இடம் 70 மைக்ரான். 5 சென்டிமீட்டரோடு பார்த்தால் 700இல் ஒரு பங்கு. இதில் என்ன தெரியும்?

நுண்துளை | திங்கள், இரவு 9:15

இந்தக் கேள்வியில்தான் இந்தத் துறையே நிற்கிறது. காற்றில் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) கார்பன் டை ஆக்சைடை அளக்க வேண்டுமானால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. 100 மைக்ரான் படலத்தில் நேராக ஒளி விட்டால் ஒன்றும் தெரியாது. அதற்காகத்தான் ஒளியைப் படலத்துக்குக் குறுக்கே விடாமல் படலத்தின் நீளவாக்கில் சென்டிமீட்டர் கணக்கில் ஓடவிடும் அலைவழிகளைச் செய்கிறார்கள். துளையுள்ள அலைவழியில் ஒளி ஓடும் இடத்திலேயே வாயுவும் நிற்கும், துளையில்லாத அலைவழி என்றால் ஒளியின் விளிம்பு மட்டும்தான் வாயுவைத் தொடும். வேறு சிலர் இரண்டு கண்ணாடி அடுக்குகளுக்கு நடுவே ஒளியைப் பலமுறை எதிரொளிக்க விடுகிறார்கள்.

ஆனால் அண்ணனின் தொட்டியில் 420 பிபிஎம்மா இருக்கிறது? நூற்றுக்கு 40! ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. அந்த வாயுவை உங்கள் 5 சென்டிமீட்டர் குழாயில் விட்டால் 4.26 மைக்ரான் பட்டையில் ஒளி சுத்தமாக அடைபட்டுவிடும். 35 ஆனாலும் 45 ஆனாலும் டிடெக்டருக்கு ஒரே இருட்டுதான். இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 சதவீத கார்பன் டை ஆக்சைடு 70 மைக்ரான் தூரத்தில் நின்றாலே அந்தப் பட்டையின் நடுவில் ஒளி பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. உத்தேசக் கணக்குத்தான். ஆனால் பத்தில் ஒரு பங்கை எந்தச் சாதாரண டிடெக்டரும் தாராளமாகப் பார்த்துவிடும். கசிவு தேடுகிறவனுக்குக் குறையாக இருக்கும் மெல்லிய தடிமன் கோபர் கேஸ்காரருக்கு அப்படியே பொருந்துகிறது.

மீத்தேன் அப்படியில்லை. 3.3 மைக்ரான் பட்டை அவ்வளவு பலமில்லை, அகலமாகப் பரந்தும் கிடக்கிறது. அதே படலத்தில் 60 சதவீத மீத்தேன் விழுங்குவது நூற்றில் ஒன்றுக்கும் கீழேதான். அதனால் கார்பன் டை ஆக்சைடை அளந்து, நீராவியைக் கழித்து, மிச்சத்தை மீத்தேன் என்று எடுப்பதுதான் நடைமுறை. 30 டிகிரியில் முழு ஈரம் என்றால் நீராவி நூற்றுக்கு 4 சொச்சம் வரும்.

வாயு துளைக்குள் போக எவ்வளவு நேரமாகும் என்று யாராவது கேட்பீர்கள். காற்று மூலக்கூறு ஒன்றையொன்று மோதுமுன் சராசரி 68 நானோமீட்டர் ஓடும். 20 நானோமீட்டர் துளையில் அதனால் சுவரோடுதான் அதிகம் மோதும். அப்படி இருந்தும் 100 மைக்ரான் ஆழத்தை மீத்தேன் கடக்கச் சில மில்லிநொடிதான். நாம் கண் சிமிட்டுவதற்குள் உள்ளே போய் வெளியே வந்துவிடும்.

திற்பரப்புத்தோட்டம் | திங்கள், இரவு 9:50

டீச்சர், நீங்கள் எழுதியதை மகள் சத்தமாக வாசித்துச் சொன்னாள். 700இல் ஒரு பங்கு தூரம், ஆயிரம் மடங்கு வாயு என்றதும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எனக்கு மீத்தேன் துல்லியமாகக் கூட வேண்டாம். இன்றைக்குக் கார்பன் டை ஆக்சைடு 38இலிருந்து 46க்கு ஏறுகிறது என்று தெரிந்தால் போதும், ஆசிட் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்துவிடுவேன்.

குளச்சல்ஐஸ் | செவ்வாய், காலை 5:30

நான் ஐஸ் கம்பெனியில் இருபத்தாறு வருடமாகக் கம்ப்ரசர் பார்க்கிறேன். எங்களுக்கு அம்மோனியாதான் உயிர், அதுவேதான் எமனும். கசிவு தேட இன்றைக்கும் கந்தகத் திரியைக் கொளுத்திப் பைப் ஜாயின்ட் பக்கம் கொண்டுபோவோம். கசிவு இருந்தால் திரிப்புகை பாலாகத் திரண்டு வெள்ளையாக எழும். மங்கலான ஷெட்டில் அந்த வெள்ளை மட்டும் பளிச்சென்று தெரியும், எந்த வால்வு என்று கையை நீட்டிக் காட்டிவிடலாம். ஆனால் ராத்திரி ஆள் இல்லாதபோது யார் திரி பிடிப்பது? வைத்த மின்னணு அலாரம் இரண்டும் ஒரு வருடம் தாண்டவில்லை. உப்புக்காற்று ஒரு பக்கம் அரிக்கும். அம்மோனியா செம்பையும் பித்தளையையும் விடாது, போர்டில் இருக்கும் செம்புக் கம்பி பச்சை பூத்து உதிர்ந்துவிடும். நீங்கள் சொல்லும் சில்லு எங்களுக்கு ஆகுமா?

நுண்துளை | செவ்வாய், இரவு 8:40

அண்ணே, உங்கள் ஆட்களின் உயிர் சம்பந்தப்பட்டது, அதனால் நம்பிக்கை கொடுத்து ஏமாற்ற மாட்டேன். அம்மோனியாவின் பலமான பட்டை 10.3, 10.7 மைக்ரான் அருகே இருக்கிறது. அந்த இடத்தில் நீராவி அதிகம் குறுக்கிடாது, அது நல்ல விஷயம். ஆனால் சிலிக்கான் தன் வழியே ஒளியைத் தெளிவாகப் போக விடுவது ஏறக்குறைய 1.1இலிருந்து 8 மைக்ரான் வரைதான். தவிர, நுண்துளைச் சிலிக்கான் காற்றில் கிடந்தால் துளைச் சுவர் ஆக்சைடாகும். அந்த ஆக்சைடு 9இலிருந்து 10 மைக்ரான் வரை தானே ஒளியை விழுங்கும். நீங்கள் தேடும் இடத்துக்குப் பக்கத்திலேயே சுவர் நின்று மறைக்கும். சாதாரண விளக்கின் கண்ணாடிக் குமிழும் 10 மைக்ரான் ஒளியை வெளியே விடாது. அங்கே ஜெர்மானியம்தான் சரியான பொருள், அது 2இலிருந்து 14 மைக்ரான் வரை ஒளியைப் போக விடும். நுண்துளை ஜெர்மானியமும் செய்கிறார்கள், விலையும் கைப்பழக்கமும் வேறு.

இன்னொன்று. மீத்தேன் போல அம்மோனியா துளைக்குள் சும்மா வந்துபோகாது. ஆக்சைடுச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கசிவு நின்றபிறகும் சில்லு 'இன்னும் இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஆள் வேலை செய்யும் இடத்துக்கு 25 பிபிஎம் என்பதுதான் பொதுவாக வைக்கும் எல்லை, 300 பிபிஎம் உடனடி ஆபத்து. அந்தக் காவலுக்கு நுண்துளைச் சிலிக்கானை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். திறந்த குழாய் அகச்சிவப்பு அலாரம், போர்டு முழுக்கப் பிசின் ஊற்றி மூடியது, அதைக் கேட்டு வாங்குங்கள். கந்தகத் திரியையும் விட வேண்டாம்.

குளச்சல்ஐஸ் | செவ்வாய், இரவு 9:00

நன்றி டீச்சர். பிசின் ஊற்றி மூடியதா என்று இதுவரை கேட்டதே இல்லை. இனிக் கேட்கிறேன்.

மணவாளக்குறிச்சிமணல் | புதன், காலை 7:30

நான் பீங்கான் பொருள்களில் வேலை செய்கிறவன். எங்கள் ஊர்க் கடற்கரை மணலில் கிடக்கும் சிர்கானிலிருந்துதான் சிர்கோனியா என்ற பீங்கான் பொருள் வருகிறது, அதனால் இந்த விஷயம் கண்ணில் பட்டது. சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சுனே ஸ்வான்பெரி குழு 2001இல் ஒன்று காட்டியது. துளையுள்ள, வெள்ளையாக ஒளியைச் சிதறடிக்கும் பொருளுக்குள் லேசர் விட்டால், ஒளி நேராக வெளியே வராமல் உள்ளேயே முட்டி மோதி அலையும். பின்னாளில் சில மில்லிமீட்டர் தடிமன் சிர்கோனியாப் பீங்கானுக்குள் ஒளி மீட்டர் கணக்கில் நடந்து வருவதையும் காட்டினார்கள். கண்ணாடியும் லென்சும் இல்லாமலே நீண்ட குழாய் கிடைக்கிறது. ஆரல் அண்ணன் கேட்ட தூரப் பிரச்சினைக்கு இது இன்னொரு வழி. சந்தைக் கூட்டத்துக்குள் போனவன் பத்தடி தூரத்தைக் கடக்க அரை மணி நேரம் அலைவது போல.

தோவாளைமாணவன் | புதன், மதியம் 12:50

அப்படியானால் எனக்கு ஒரு யோசனை. நாஞ்சில் நாட்டில் உமிக்குப் பஞ்சமில்லை. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதை மக்னீசியத்தோடு சூடாக்கினால் துளையுள்ள சிலிக்கான் பொடி வரும் என்று படித்தேன், ஹைட்ரோஃபுளூரிக் அமிலமே இல்லாமல். அதை வில்லையாக அழுத்தினால் மணல் அண்ணன் சொன்ன மாதிரி ஒளி அலையும் பொருள் ஆகாதா?

நுண்துளை | புதன், இரவு 8:30

நல்ல யோசனை தம்பி, நிஜமாகவே. 650 டிகிரியில் மக்னீசிய ஆவி சிலிக்காவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும், வடிவம் மாறாமல் சிலிக்கான் நிற்கும். 2007இல் டயாட்டம் என்ற நுண்பாசியின் சிலிக்கா ஓடுகளை இப்படியே சிலிக்கானாக மாற்றிக் காட்டினார்கள். பொடி வில்லையில் அடுக்கு வடிகட்டி செய்ய முடியாது, ஆனால் ஒளி அலைவதற்கு அது போதும்.

எச்சரிக்கை இரண்டு. மக்னீசியத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஊற்றினால் இன்னும் சீறும். அடுத்து, சூடாக்கும்போது கொஞ்சம் மக்னீசியம் சிலிசைடும் உருவாகும். கழுவ அமிலம் ஊற்றியதும் அதிலிருந்து சிலேன் வாயு வரும், அது காற்றைத் தொட்டதுமே தானாக எரியும். படப்படவென்று தீப்பொறி தெறிக்கும். ஆகவே இதுவும் ஆய்வக வேலைதான். உன் வழிகாட்டியிடம் திட்டமாக எழுதிக் கொடு, என்னால் ஆன உதவியைச் செய்கிறேன்.

ஆரல்காற்று | புதன், இரவு 9:40

சரி, அண்ணனின் கருவிக்கு வருவோம். தொட்டி வாயு என்றால் முழு ஈரம். டீச்சரே முதல் நாள் மூச்சு விட்டு நிறம் மாறியதைச் சொன்னார்கள். அப்புறம் அந்தச் சில்லை ஈர வாயுவுக்குள் வைத்தால் எப்படி?

என் யோசனை இது. நுண்துளைச் சிலிக்கானை வடிகட்டியாக மட்டும் வைத்துக்கொள்வோம். டிடெக்டர் டப்பாவுக்குள் வைத்து, முன்னால் ஒரு சஃபையர் (நீலக்கல் படிகம்) ஜன்னல் போட்டு மூடிவிடலாம். வாயு அதைத் தொடவே தொடாது. வாயுவுக்குத் தனியாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி, இரண்டு சஃபையர் தகடுகளுக்கு நடுவே. துளை என்ற தொல்லையே இல்லை.

நுண்துளை | வியாழன், காலை 6:10

உங்கள் யோசனையில் பாதியை அப்படியே ஏற்கிறேன். வடிகட்டி மூடித்தான் இருக்க வேண்டும். இதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். ஆய்வு நாட்களில் ஒரு வடிகட்டியைச் செய்து, அளந்து, மேசை டிராயரில் மூடாமல் வைத்துவிட்டு ஊருக்குப் போனேன். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை. மூன்று வாரம் கழித்து வந்து அளந்தால் அதன் சிகரம், அதாவது அது பிரித்தெடுக்கும் அலைநீளம், இருந்த இடத்தில் இல்லை. சூடாக்கி உலர்த்தியபிறகும் பழைய இடத்துக்கு முழுதாக வரவில்லை, ஏனென்றால் அதற்குள் சுவர் கொஞ்சம் ஆக்சைடாகிவிட்டது. முழு மாத வேலை போயிற்று.

கணக்கையும் பாருங்கள். 4.26 மைக்ரானுக்குச் செய்த வடிகட்டியின் துளைகள் முழுக்கத் தண்ணீர் நிறைந்தால் 1.4 இருந்த எண் 1.75 ஆகும், 2.1 இருந்தது 2.3 ஆகும். வடிகட்டியின் சிகரம் 4.9 மைக்ரான் பக்கம் போய் நிற்கும். கார்பன் டை ஆக்சைடைப் பார்க்க வைத்த கண் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். திறந்த வடிகட்டியை நம்ம கடற்கரையில் வைக்கவே கூடாது.

ஆனால் வாயு நிற்கும் துளைப்படலத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தகடுகளுக்கு நடுவே நூறு மைக்ரான் இடைவெளி வைத்தால் சாணத் தொட்டியின் தூசியும் நுரையும் ஒரே மாதத்தில் அதை அடைத்துவிடும். துளைப்படலத்தில் வாயு மட்டும்தான் புகும், தூசி வெளியே நின்றுவிடும், துடைத்தால் போச்சு. மீதி இருப்பது தண்ணீர் மட்டும். அதற்கு வழி இருக்கிறது.

சின்னத் துளையில் நீராவி, காற்று முழு ஈரமாகும் முன்னாலேயே நீராகிவிடும். ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 9 நானோமீட்டருக்குக் குறுகிய துளை நிறையும். 90 என்றால் 20 நானோமீட்டர் வரை நிறையும். முழு ஈரத்தில் எதுவும் தப்பாது. ஆனால் அதே வாயு 30 டிகிரியில் இருக்க, படலத்தை மட்டும் 45 டிகிரிக்குச் சூடாக்கிப் பாருங்கள். சுவருக்குப் பக்கத்தில் ஈரப்பதம் 44 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அப்போது 3 நானோமீட்டருக்கு மேல் அகலமான துளையெல்லாம் காலியாக நிற்கும். பதினைந்து டிகிரிதான், ஒரு சின்ன மின்தடை கொடுக்கும் சூடு. நான் 30, 40 நானோமீட்டர் துளை போட்ட படலத்தைத்தான் எடுப்பேன். அதற்கு முன் உலையில் சூடாக்கிச் சுவரைத் தெரிந்தே ஆக்சைடாக்கிவிடுவேன், பிறகு காற்றில் மெல்ல மெல்ல மாறும் தொல்லை வெகுவாகக் குறையும். அந்த ஆக்சைடு 4.26இல் குறுக்கே வராது. புதுச் சில்லில் இருக்கும் சிலிக்கான்-ஹைட்ரஜன் பிணைப்பு 4.75 மைக்ரான் பக்கம் விழுங்கும், கார்பன் மோனாக்சைடு தேடுகிறவர்களுக்கு அது பெரிய தலைவலி. நமக்கு அந்தக் கவலை இல்லை.

கூடவே 3.95 மைக்ரானில் இன்னொரு டிடெக்டர். அங்கே இந்த வாயுக்கள் எதுவும் உறிஞ்சாது. விளக்கு மங்கினாலும் படலத்தில் அழுக்குப் படிந்தாலும் இரண்டிலும் ஒன்றுபோலக் குறையும், விகிதம் மாறாது.

ஆரல்காற்று | வியாழன், காலை 7:15

நுரையும் தூசியும் எனக்குத் தோன்றவே இல்லை டீச்சர். காற்றாலைப் பக்கம் வேலை செய்கிறவன், எனக்குக் காய்ந்த தூசிதான் பழக்கம். சரி, படலம் உள்ளே, வடிகட்டி மூடி. ஹீட்டருக்கும் விளக்குத் துடிப்புக்கும் நான் போர்டு போடுகிறேன். ஹைட்ரஜன் சல்பைடை என்ன செய்யலாம்? போர்டைக் கறுக்கடித்துவிடும்.

திற்பரப்புத்தோட்டம் | வியாழன், காலை 7:40

அதற்கு நான் ஏற்கெனவே வழி வைத்திருக்கிறேன். லேத் பட்டறையிலிருந்து இரும்புச் சீவல் வாங்கி, துருப்பிடிக்க விட்டு, பிவிசி குழாயில் அடைத்து வாயுவை அதன் வழியாக விடுகிறேன். முட்டை அழுகிய நாற்றம் அத்தோடு நின்றுவிடும். சீவல் கறுத்ததும் எடுத்து வெயிலில் பரப்பினால் மறுபடி சிவக்கும்.

மணவாளக்குறிச்சிமணல் | வியாழன், இரவு 8:05

கருவி செய்வதெல்லாம் சரி, அது காட்டும் எண் உண்மையா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? அளவுவாயு (கலவை விகிதம் முன்பே தெரிந்த வாயு) சிலிண்டர் விலை அதிகம். சிரிஞ்சு முறை ஒன்று இருக்கிறது. 50 மில்லி சிரிஞ்சில் வாயுவை எடுத்து, இன்னொரு சிரிஞ்சிலிருந்து காஸ்டிக் சோடாக் கரைசலைச் சேர்த்துக் குலுக்கினால் கார்பன் டை ஆக்சைடு முழுக்கக் கரைசலுக்குள் போய்விடும். மிச்ச வாயுவின் அளவைப் படித்தால் மீத்தேன். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், காஸ்டிக் கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும்.

திற்பரப்புத்தோட்டம் | சனி, மாலை 6:30

மகளும் நானும் இன்று சிரிஞ்சு முறையைச் செய்து பார்த்தோம். அவள் கையுறை போட்டுக் குலுக்கினாள், நான் எண் படித்தேன். குலுக்கும்போதே பிஸ்டன் தானாக உள்ளே இழுத்துக்கொண்டு போனது, யாரோ அந்தப் பக்கம் இருந்து உறிஞ்சுகிற மாதிரி. காலையில் 50க்கு 30 மிச்சம். மதியம் இரண்டு வாளி ஆசிட் தண்ணீர் விட்டோம். மாலையில் இன்னும் மாற்றம் தெரியவில்லை, 50க்கு 30தான். நாளைக் காலை, மதியம், மாலை என்று எடுத்து நோட்டில் எழுதப் போகிறாள்.

நுண்துளை | சனி, இரவு 7:10

தொட்டிக்குள் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மாற ஒரு நாளாவது ஆகும், அதனால் விடாமல் எடுங்கள். வாயுவின் வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள், நீராவிக் கணக்குக்கு வேண்டும். என்னிடம் ஆக்சைடாக்கிய பழைய படலம் இரண்டு பத்திரமாக இருக்கிறது, 35 நானோமீட்டர் துளை. ஆரல் தம்பி போர்டை எப்போது தருவார்?

ஆரல்காற்று | சனி, இரவு 7:25

அடுத்த வெள்ளிக்குள் ஹீட்டர் பகுதி முடியும். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் திற்பரப்புக்கு வந்துவிடுகிறேன். அண்ணே, சிரிஞ்சு இன்னும் நாலு வாங்கி வையுங்கள்.

திற்பரப்புத்தோட்டம் | சனி, இரவு 7:30

வாங்கி வைக்கிறேன் தம்பி. டீச்சர், நீங்களும் வாருங்கள். அந்தப் பச்சைச் சில்லையும் கொண்டு வாருங்கள், மகள் மூச்சு விட்டுப் பார்க்கணுமாம்.